தோண்டு என்றால் கேட்கும் காது

1881 டிசம்பர் 31. நாகப்பட்டினம் துறைமுகத்தில் செங்குத்தாக ஒரு குழாய். கடல்நீர் அதனுள் ஏறி இறங்கும். நீரின் மேல் ஒரு மிதவை, மிதவையில் கட்டிய கம்பி, கம்பியின் மறுமுனையில் ஒரு பென்சில். கடிகாரப் பொறியால் சுழலும் உருளையில் சுற்றிய தாளின் மீது அந்தப் பென்சில் இரவு பகலாகக் கோடு இழுத்துக்கொண்டே இருக்கும். குழாயின் வாய் குறுகல் என்பதால் கரையில் மோதும் சின்ன அலைகள் உள்ளே தெரியாது. நாளுக்கு இரண்டு முறை ஏறி இறங்கும் ஓதம் மட்டுமே தாளில் மெல்லிய மலைத்தொடராகப் பதியும்.

அன்று முற்பகலில் அந்தக் கோடு கலைந்தது. நீர் சட்டென்று ஏறியது, இறங்கியது, மறுபடி ஏறியது. சென்னைத் துறைமுகத்து உருளையிலும் அதே கதை. கரையில் இருந்தவர்கள் பெரிதாக எதையும் கண்டிருக்க மாட்டார்கள். ஏற்றம் ஒரு மீட்டரை ஒட்டித்தான் இருந்தது. காலையில் நிலம் லேசாக அதிர்ந்தது சென்னைவாசிகளுக்கு நினைவிருந்திருக்கலாம். அந்த அதிர்வின் மூலம் ஆயிரம் கிலோமீட்டருக்கு அப்பால், கார் நிக்கோபார் தீவுக்கு அருகே கடலடியில் இருந்தது.

தாள்களைச் சர்வே ஆஃப் இந்தியா பத்திரப்படுத்தியது. 1884-ல் இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையின் வெளியீட்டில் ஆர்.டி. ஓல்டாம் என்ற இளம் அதிகாரி அந்த நிலநடுக்கம் பற்றிக் குறிப்பு எழுதினார். நிக்கோபாரில் கடலடி குலுங்கினால் சோழமண்டலக் கரையில் நீர் ஏறும் என்பதற்கு அரசாங்கத்தின் கையாலேயே எழுதப்பட்ட சாட்சி கிடைத்துவிட்டது. பிறகு அது அலமாரிக்குப் போனது.

அந்த உருளையை நாகப்பட்டினத்தில் வைத்தது ஆழிப்பேரலையைப் பிடிப்பதற்காக இல்லை. கப்பல் எந்த நேரத்தில் துறைமுகத்துக்குள் நுழையலாம் என்று ஓத அட்டவணை போட வேண்டும், நாடு முழுவதும் உயரம் அளக்கச் சராசரிக் கடல்மட்டம் தெரிய வேண்டும். வணிகத்துக்கும் வரைபடத்துக்கும் வைத்த கருவியில் பேரிடர் தானாக வந்து பதிந்தது. அரசாங்கப் புவி அறிவியலின் கதை பெரும்பாலும் இப்படித்தான். வளம் தேடப் போவார்கள், வழியில் ஆபத்து கண்ணில் படும். வளத்தைப் பற்றிச் சொன்னால் உடனே ஆணை பிறக்கும், ஆபத்தைப் பற்றிச் சொன்னால் கோப்பு பிறக்கும்.

ஜி.எஸ்.ஐ. என்று சுருக்கமாக அழைக்கப்படும் இந்தியப் புவியியல் ஆய்வுத் துறை பிறந்ததே நிலக்கரிக்காக. 1830-களில் கல்கத்தாவில் கம்பெனி அரசு நிலக்கரிக்கென ஒரு குழு அமைத்தது. நீராவிக் கப்பல் ஓட்ட இங்கிலாந்திலிருந்து கரி கொண்டுவந்து கட்டுப்படியாகவில்லை. அடுத்த பத்தாண்டில் டி.எச். வில்லியம்ஸ் என்ற நிலவியலாளரை வரவழைத்தார்கள். அவர் கரிப்படுகைகளைத் தேடிக் காடு சுற்றி, 1848-ல் காய்ச்சலில் இறந்துபோனார். 1851 மார்ச்சில் அயர்லாந்திலிருந்து தாமஸ் ஓல்டாம் வந்து பொறுப்பேற்றார். மேலே சொன்ன ஆர்.டி. ஓல்டாமின் தந்தை. நான்கே ஆண்டுகளில், 1855-ல், ஹௌராவிலிருந்து ராணிகஞ்ச் கரிவயல் வரை ரயில் ஓடியது. அரசாங்கம் அவசரப்பட்டால் எவ்வளவு வேகமாக ஓடும் என்பதற்கு இது அளவுகோல். இதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். இந்த அத்தியாயத்தில் வேறு வேகங்களையும் பார்க்கப் போகிறோம்.

கரி தேடப் போனவர்கள் சும்மா வரவில்லை. ஒரிசாவின் தால்சேரில் பிளான்ஃபோர்டு சகோதரர்கள் கரிப்படுகைக்கு அடியில் பனியாறு உருட்டித் தேய்த்த பாறைகளைக் கண்டார்கள். கொளுத்தும் வெயிலில் நின்றுகொண்டு, இங்கே ஒரு காலத்தில் பனிக்கட்டி ஆறு ஓடியது என்று 1856-ல் சொல்ல எவ்வளவு தைரியம் வேண்டும்! அந்தச் சகோதரர்களில் இளையவரான ஹென்றி பிளான்ஃபோர்டு அடுத்து நம் பக்கம் வந்து, திருச்சி மாவட்டத்தில் ஊட்டத்தூர், அரியலூர் வட்டாரங்களின் கடற்புதைபடிவப் பாறைகளை வகைப்படுத்தினார். அவர் வைத்த பெயர்களை நிலவியல் மாணவர்கள் இன்றும் படிக்கிறார்கள். பின்னாளில் இந்திய வானிலைத் துறையின் முதல் தலைவரானவரும் அவர்தான். 1876-78 பஞ்சம் லட்சக்கணக்கானோரைக் கொன்றபின், மழை பொய்க்குமா என்று முன்கூட்டியே சொல்ல முடியுமா என அரசு கேட்டது. இமயமலைப் பனியின் அளவை வைத்துப் பருவமழையைக் கணிக்கும் முறையை 1880-களில் அவர் முயன்றார். பாறை பார்த்தவரை வரப்போகும் மழையையும் பார்க்க வைத்தது பஞ்சம்.

தாமஸ் ஓல்டாம் செய்த இன்னொரு வேலை எனக்கு மிகப் பிடித்தது. கரி அறிக்கைகளுக்கு நடுவே, இந்தியாவில் பழங்காலம் தொட்டு 1869 வரை நேர்ந்த நிலநடுக்கங்களை எல்லாம் தேடிப் பட்டியலிட்டார். அவர் இறந்தபின் 1883-ல் மகன் அதை அச்சேற்றினார். யாரும் கேட்காத பட்டியல். எந்தச் சுரங்கமும் அதனால் திறக்கவில்லை. ஆனால் இன்றைக்கு அணை கட்டுபவரும் அணு உலைக்கு இடம் பார்ப்பவரும், இந்த இடத்தில் முன்பு எப்போதாவது அதிர்ந்ததா என்று கேட்கும்போது கை நீள்வது இப்படிப்பட்ட பட்டியல்களை நோக்கித்தான். நூறாண்டு இடைவெளியில் வரும் ஆபத்தை ஒரு மனிதனின் அனுபவத்தில் அறிய முடியாது. தலைமுறை தாண்டி ஒரே கணக்கை எழுதிக்கொண்டே போக ஒரு நிறுவனம் வேண்டும். லாபம் பார்க்கும் நிறுவனம் இதைச் செய்யாது. அரசுத் துறை மட்டுமே, அதுவும் அதன் சோம்பலான விடாப்பிடியோடு, செய்யும்.

மகன் ஓல்டாமுக்கு 1897 ஜூன் 12 பெரிய வாய்ப்பைத் தந்தது. அஸ்ஸாமில், ஷில்லாங் பீடபூமியில், ரிக்டர் அளவில் 8-ஐ ஒட்டிய நிலநடுக்கம். ஏறத்தாழ 1,500 பேர் இறந்தார்கள். அவர் ஊர் ஊராகப் போய் அளந்தார். மண்ணில் புதைந்திருந்த பெருங்கற்கள் ஓரத்தைக்கூட உரசாமல் குழியை விட்டு எகிறி வெளியே விழுந்திருந்தன. நிலம் புவியீர்ப்பை மீறி அவற்றை மேலே வீசியிருக்கிறது என்று அதிலிருந்து முடிவுகட்டினார். அதே அதிர்வை ஐரோப்பாவில் பதிவு செய்த கருவிகளின் தாள்களைப் பார்த்தபோது, முதலில் ஒரு வகை அலை, பிறகு இரண்டாவது வகை, கடைசியாக மேற்பரப்பில் ஊர்ந்து வரும் மூன்றாவது வகை என்று பிரித்துக் காட்டினார். அந்தப் பிரிப்பைக் கொண்டு 1906-ல், பூமியின் நடுவே வேறு தன்மையுள்ள ஒரு கரு இருக்கிறது என்று நிறுவினார். நிலக்கரித் துறையில் வேலைக்குச் சேர்ந்தவர் ஓய்வு பெற்றபின் பூமியின் கருவைக் கண்டுபிடித்தார் என்று கொஞ்சம் சுருக்கிச் சொல்லலாம்.

இனி நம் ஊருக்கு வருவோம்.

நெய்வேலியில் ஜம்புலிங்க முதலியார் 1930-களின் நடுவில் தன் நிலத்தில் ஆழ்துளைக் கிணறு போட்டார். தண்ணீர் தானாகவே பொங்கி வந்தது, கூடவே கறுப்பாக ஏதோ துகள். கறுப்பு என்ன என்பதே எல்லோருக்கும் கேள்வி. பழுப்பு நிலக்கரி என்று தெரிந்தது, 1940-களில் ஜி.எஸ்.ஐ. வரிசையாகத் துளையிட்டுப் படுகையின் பரப்பைக் கணக்கிட்டது, 1956-ல் என்.எல்.சி. நிறுவனம் உருவானது, அடுத்த ஆண்டு மே மாதத்தில் நேரு வந்து சுரங்க வேலையைத் தொடங்கிவைத்தார். இதெல்லாம் பாடப்புத்தகத்தில் இருக்கிறது. என்னைப் பொறுத்தவரை கதையின் உயிர் கறுப்புத் துகளில் இல்லை, பொங்கி வந்த தண்ணீரில் இருக்கிறது.

மோட்டார் இல்லாமல் தண்ணீர் ஏன் மேலே வந்தது? பழுப்பு நிலக்கரிப் படுகைக்கு அடியில் மணற்பாறை. மேற்கே அந்த மணற்பாறை தரைக்கு வந்து தலைகாட்டும் இடத்தில் மழைநீர் இறங்குகிறது. கிழக்கு நோக்கிச் சரிந்து, கரிக்கும் களிமண்ணுக்கும் அடியில் நுழைந்து சிறைப்படுகிறது. பின்னால் வரும் நீரின் எடை முழுவதும் முன்னால் இருப்பதை அழுத்துகிறது. துளை போட்டால் பீறிடும். இந்த நீர் கரிப்படுகையின் அடிவயிற்றில் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 6 முதல் 8 கிலோ வரை மேல்நோக்கி அழுத்துகிறது என்று அளந்தார்கள். கேட்க அற்பமாக இருக்கும். சதுர மீட்டராக மாற்றிப் பாருங்கள்: 60 முதல் 80 டன். மேலே இருக்கும் மண்ணும் கரியும் தம் எடையால் அதை அமுக்கி வைத்திருக்கும்வரை கவலை இல்லை. திறந்தவெளிச் சுரங்கம் என்றால் அந்த மேல்மண்ணைத்தான் வாரி எறிய வேண்டும். எறிய எறிய மேல்சுமை குறையும், அடியழுத்தம் அப்படியே இருக்கும். ஒரு கட்டத்தில் சுரங்கத்தின் தரையே பிளந்து நீர் உள்ளே பாயும். இயந்திரமும் ஆளும் மேலே வர நேரம் இருக்காது.

ஆகவே நெய்வேலியில் கரி எடுப்பதற்கு முன் தண்ணீரை எடுக்க வேண்டும். சுரங்கத்தின் முகப்பில் குழாய்க் கிணறுகள் வரிசையாக இறக்கி, அடிநீரின் அழுத்தத்தைத் தரை தாங்கும் அளவுக்குக் குறைத்துவிட்டு, பிறகுதான் வெட்டுகிறார்கள். சுரங்கம் முன்னேற முன்னேறக் கிணறுகளும் இடம் மாறும். பம்புகள் அறுபது ஆண்டுகளுக்கும் மேலாக நிற்காமல் ஓடுகின்றன. ஒரு டன் கரிக்குப் பல டன் தண்ணீர். அந்தத் தண்ணீர் அனல்மின் நிலையத்துக்கும் வயலுக்கும் போகிறது, சென்னை தவித்த வறட்சிகளில் குடிநீராகவும் போயிருக்கிறது. சுற்று வட்டாரத்தில் ஒரு காலத்தில் தானாகப் பொங்கிய கிணறுகள் வற்றிப்போனதும் இதே கணக்கின் மறுபக்கம்தான். 2023-ல் வளையமாதேவியில் விளைந்த நெல்வயலில் சுரங்கத்துக்காகப் பொக்லைன் இறங்கியபோது எழுந்த கோபம் நிலத்தைப் பற்றியது மட்டுமில்லை, அந்த நிலத்துக்கு அடியில் இருப்பதையும் பற்றியது.

இங்கே ஆபத்தைப் பற்றி நிலவியலாளர் சொன்னதை அரசாங்கம் ஒரு வரி விடாமல் கேட்டது. ஏன் கேட்டது? கேட்காவிட்டால் கரி கிடைக்காது. ஆபத்தும் வருமானமும் ஒரே குழிக்குள் இருந்தன.

அவை பிரிந்திருக்கும் இடத்துக்கு நிலத்தடி நீரே சிறந்த உதாரணம். ஜி.எஸ்.ஐ.யின் நிலத்தடி நீர்ப் பிரிவு 1972-ல் மத்திய நிலத்தடி நீர் வாரியத்தோடு இணைக்கப்பட்டது. வாரியத்தின் ஆட்கள் ஆண்டுக்கு நான்கு முறை கண்காணிப்புக் கிணறுகளில் நாடாவை இறக்கி நீர்மட்டம் குறிக்கிறார்கள். மாநில அரசின் பொறியாளர்களும் சேர்ந்து பகுதி வாரியாகக் கணக்குப் போடுகிறார்கள். 2017 மதிப்பீட்டின்படி தமிழ்நாட்டின் 1,166 பிர்காக்களில் 462 பிர்காக்களில் மழை கொடுப்பதைவிட மோட்டார் எடுப்பது அதிகம். இன்னும் 35-ல் நீர் உப்பு. இவ்வளவு துல்லியமாகத் தெரியும். ஊர் பெயரோடு தெரியும். தெரிந்து என்ன செய்தோம்? சென்னை வட்டாரத்துக்கு 1987-ல் ஒரு சட்டம் வந்தது. அதற்குள் மீஞ்சூர்ப் பக்கம் கடல்நீர் பல கிலோமீட்டர் உள்ளே வந்திருந்தது. மாநிலம் முழுவதுக்கும் 2003-ல் ஒரு சட்டம் நிறைவேற்றினார்கள். பத்தாண்டு கழித்து, நடைமுறைக்கே வராமல், 2013-ல் அதை ரத்து செய்தார்கள். போர் போடும் லாரிக்காரர், விவசாயி, தண்ணீர் லாரி முதலாளி, அடுக்குமாடி கட்டுபவர் என்று அத்தனை பேரும் ஒரே பக்கம் நிற்கும்போது நாடா பிடித்த ஊழியர் எந்த மூலை? அதிலும் உழவருக்கு மின்சாரம் இலவசம் என்பதால் ஆழம் போனாலும் பில் ஏறாது. விவசாயியைக் குறை சொல்லிப் பயனில்லை. பக்கத்து வயல்காரன் 800 அடி போட்டபின் இவன் மட்டும் 300 அடியில் நின்று தருமம் காக்க முடியாது. பொதுவான நீரைக் காக்க வேண்டியது பொதுவான அரசு. அது கணக்கெடுப்பதோடு நின்றுகொண்டது.

2004 டிசம்பர் 26-க்கு வருகிறேன்.

1881-ன் அலைத் தாள்கள் கடைசியில் இருவர் கண்ணில் பட்டன. நிலநடுக்க ஆய்வாளர் ரோஜர் பில்ஹாமும் மொடெஸ்டோ ஓர்ட்டிஸும் அந்தப் பென்சில் கோடுகளிலிருந்தே கடலடி எங்கே, எவ்வளவு நீளத்துக்கு நகர்ந்திருக்கும் என்று கணக்கிட்டு ஒரு கட்டுரை எழுதினார்கள். 122 ஆண்டு பழைய தாளிலிருந்து நிலநடுக்கத்தின் அளவு 7.9 என்று வந்தது. கட்டுரை அச்சான ஆண்டு 2003.

அடுத்த ஆண்டு, ஞாயிற்றுக்கிழமை, இந்திய நேரம் காலை 6.29-ஐ ஒட்டி சுமத்ராவுக்கு மேற்கே தொடங்கிய பிளவு அந்தமான் வரை 1,300 கிலோமீட்டர் கிழிந்தது. அளவு 9.1-க்குக் குறையாது. 1881-ல் வெளிப்பட்டதைவிட அறுபது மடங்குக்கும் மேலான ஆற்றல். வங்கக் கடலின் 3,000 மீட்டர் ஆழத்தில் ஆழிப்பேரலையின் வேகம் மணிக்கு 600 கிலோமீட்டருக்குச் சற்று மேல். ஜெட் விமானத்துக்குக் கொஞ்சம் குறைவு. அப்படியும் நாகப்பட்டினத்துக்கு வந்து சேர இரண்டு மணி நேரத்துக்கும் மேல் ஆயிற்று. ஹவாயில் இருந்த பசிபிக் எச்சரிக்கை மையம் கால் மணி நேரத்தில் அறிவிப்பு விட்டது. ஆனால் முதல் கணக்கில் அளவு 8.0 என்றே வந்தது, அதன் பொறுப்பும் பசிபிக் நாடுகளோடு முடிந்தது. கார் நிக்கோபார் விமானப்படைத் தளம் மூழ்கும் செய்தி நாகப்பட்டினத்தில் கடல் ஏறும் முன்பே சென்னைக்கு வந்துவிட்டது. அதன் பொருளைப் புரிந்து, கரையில் வலை உலர்த்திக்கொண்டிருந்தவருக்குக் கொண்டு சேர்க்க எந்த மேசையும் இல்லை, எந்த எண்ணும் இல்லை. தமிழ்நாட்டில் ஏறத்தாழ 8,000 பேர் இறந்தார்கள். அதில் நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் 6,000-க்கு மேல்.

புதுச்சேரியில் நல்லவாடு என்றொரு மீனவ ஊர். அங்கே எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் ஒரு தகவல் மையம் வைத்திருந்தது. அந்த வட்டாரத்து மையங்களில் அமெரிக்கக் கடற்படையின் இணையப் பக்கத்திலிருந்து அலை உயர முன்னறிவிப்பை இறக்கி ஒலிபெருக்கியில் வாசிப்பார்கள். மீன் விலை, அரசு உதவித் திட்டம் இவையும் அதிலேயே வரும். அன்று காலை சிங்கப்பூரில் வேலை பார்த்த ஊர்க்காரர் ஒருவர் தொலைக்காட்சியில் செய்தி பார்த்துவிட்டு வீட்டுக்குப் போன் செய்தார். இங்கே தண்ணீர் ஏறுகிறது என்று வீட்டில் சொன்னார்கள். எல்லோரையும் ஓடச் சொல் என்றார் அவர். ஊர்க்காரர்கள் மையத்தின் கதவை உடைத்து ஒலிபெருக்கியைப் போட்டார்கள். 3,600 பேர் வாழ்ந்த ஊரில் படகுகள் போயின, உயிர் ஒன்றும் போகவில்லை.

இந்தச் சம்பவத்தைத் தொழில்நுட்பத்தின் வெற்றி என்று சொல்வார்கள். எனக்கு அதில் தெரிவது வேறு. அந்த ஒலிபெருக்கி பேரிடருக்காக வைத்ததில்லை. தினமும் பிழைப்புக்குப் பயன்பட்டதால் அது வேலை செய்யும் நிலையில் இருந்தது, அதன் குரலுக்கு மதிப்பும் இருந்தது. ஆண்டுக்கு ஒருமுறை ஒத்திகைக்கு மட்டும் ஊதும் சங்காக இருந்திருந்தால் பேட்டரி தீர்ந்திருக்கும், அல்லது ஊதினாலும் யாரும் எழுந்திருக்க மாட்டார்கள்.

மத்திய அரசும், தெரிந்தோ தெரியாமலோ, இதே வழியில்தான் போனது. இந்திய ஆழிப்பேரலை எச்சரிக்கை மையத்தைப் புதிதாக எங்கோ கட்டாமல், ஹைதராபாத்தில் இருந்த இன்காய்ஸ் என்ற கடல் தகவல் மையத்தில் 2007 அக்டோபரில் திறந்தார்கள். இன்காய்ஸின் அன்றாட வேலை, செயற்கைக்கோள் காட்டும் கடல் வெப்பத்தையும் பசுமையையும் வைத்து எந்தப் பக்கம் மீன் கூடும் என்று மீனவருக்குச் சொல்வது. டீசல் செலவை மிச்சப்படுத்தும் குரல் அது. அதே குரல்தான் இனிமேல் அலை வருகிறது என்றும் சொல்லும்.

வேலை நடக்கும் விதம் இது: நிலநடுக்க நிலையங்கள் முதலில் இடத்தையும் அளவையும் சொல்லும், சில நிமிடங்களில். இப்படி அதிர்ந்தால் எந்தக் கரையில் எத்தனை மணிக்கு எவ்வளவு நீர் என்று ஆயிரக்கணக்கான கற்பனைச் சூழல்களுக்கு முன்பே கணக்குப் போட்டு வைத்திருக்கிறார்கள். அதிலிருந்து ஒன்றை எடுத்து முதல் அறிவிப்பு போகும். அலை உண்மையில் பிறந்ததா என்பதைச் சொல்வது கடலடியில் கிடக்கும் அழுத்தமானி. மூன்று, நான்கு கிலோமீட்டர் நீருக்கு அடியில் இருந்துகொண்டு, மேலே நீர் ஒரு சென்டிமீட்டர் உயர்ந்தாலும் கண்டுபிடிக்கும் கருவி. அது கீழிருந்து ஒலியாகச் செய்தி அனுப்ப, மேலே மிதக்கும் மிதவை செயற்கைக்கோளுக்குத் தள்ளும். இந்த மிதவைகளில் படகைக் கட்டுவதும், பாகங்களைக் கழற்றுவதும் உலகம் முழுவதும் உள்ள தலைவலி. மிதவையைச் சுற்றி மீன் கூடும் என்பது மீனவருக்குத் தெரியும். அந்த ஆசையைக் குற்றம் சொல்லவும் முடியவில்லை.

2012 ஏப்ரல் 11 பிற்பகலில் சோதனை வந்தது. சுமத்ராவுக்கு மேற்கே 8.6. சென்னையில் அலுவலகங்கள் காலியாகித் தெருவில் கூட்டம் நின்றது. 2004-ஐப் பார்த்த எந்த அதிகாரியும் கரை முழுவதையும் காலி செய் என்று சொல்லத் துடித்திருப்பார். இன்காய்ஸ் அப்படிச் சொல்லவில்லை. நிக்கோபாரின் சில பகுதிகளுக்கு மட்டும் உச்ச எச்சரிக்கை, நம் கரைக்கு அதைவிடக் கீழ்நிலை. பிளவின் இரு பக்கமும் ஒன்றையொன்று உரசிக் கிடையாக நகர்ந்த நிலநடுக்கம் அது. கடலடி மேலே எழவில்லை, எனவே தள்ளப்பட்ட நீர் குறைவு. வந்த அலை சிறியதுதான். வராத அலைக்காக ஊரைக் காலி செய்யாமல் இருப்பதும் எச்சரிக்கை மையத்தின் வேலை. இரண்டு முறை வீணாக ஓடவிட்டால் மூன்றாம் முறை மக்கள் ஓட மாட்டார்கள்.

கடல் பக்கம் நிலைமை தேறியிருக்கிறது. மலைப் பக்கம்?

நீலகிரியின் பாறை சார்னோகைட். பல்லாவரம் வட்டாரத்திலிருந்து கல்கத்தாவுக்குப் போன இதே வகைக் கல்லில்தான் ஜோப் சார்னோக்கின் கல்லறை அமைந்தது; ஜி.எஸ்.ஐ.யின் ஹாலண்ட் அந்தக் கல்லறையை வைத்தே பாறைக்குப் பெயர் சூட்டினார். சார்னோகைட் இரும்பு போல உறுதி. சரிவது அதற்கு மேலே, காலங்காலமாக மக்கிக் கிடக்கும் தடித்த செம்மண்ணும் களியும். வடகிழக்குப் பருவமழை நவம்பரில் விடாமல் பெய்யும்போது நீர் மண்ணுக்குள் இறங்கி, பாறையைத் தொட்டதும் போக வழியின்றித் தேங்கும். மண் துகள்களுக்கு இடையே நீரழுத்தம் ஏறி, ஒன்றையொன்று பிடித்திருந்த பிடி தளரும். சாலைக்காகச் சரிவின் காலை வெட்டியிருந்தாலோ, ஓடையின் வாயை அடைத்து வீடு கட்டியிருந்தாலோ வேலை சுலபம். 1978-ல் நடந்தது. 1993-ல் மேட்டுப்பாளையம்–குன்னூர் சாலையில் மரப்பாலத்தில் நடந்தது. 2009 நவம்பரில் உதகை, குன்னூர் வட்டாரத்தில் 40-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். 1978-க்குப் பின்பே ஜி.எஸ்.ஐ. நீலகிரியின் சரிவுகளை ஆராய்ந்து அறிக்கை கொடுத்துவிட்டது.

2014-ல் தொடங்கி, நாட்டில் நிலச்சரிவு நேரக்கூடிய 4.3 லட்சம் சதுர கிலோமீட்டரையும் ஜி.எஸ்.ஐ. வண்ணமிட்ட வரைபடமாக்கியது. 2024 ஜூலை 19-ல் கல்கத்தாவில் தேசிய நிலச்சரிவு முன்னறிவிப்பு மையம் திறந்தது. டார்ஜிலிங், காலிம்போங், நீலகிரி ஆகிய மூன்று மாவட்டங்களுக்கு முதலில் அறிவிப்பு. பதினோரு நாள் கழித்து, அந்தப் பட்டியலில் இல்லாத வயநாட்டில், முண்டக்கையும் சூரல்மலையும் புதைந்தன. 250-க்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். யார் எப்போது என்ன எச்சரித்தார்கள் என்று மத்திய அரசும் கேரள அரசும் மாறி மாறிப் பேசின. கவனித்துப் பார்த்தால் சண்டை முழுக்க அந்த வாரத்து மழை எச்சரிக்கையின் நிறத்தைப் பற்றியது. அந்தச் சரிவுகளின் கீழே அத்தனை வீடுகள் எப்படி வந்தன என்பது சண்டையின் பொருளாகவே இல்லை.

வரைபடத்துக்கும் ஒரு வரம்பு உண்டு, அதைச் சொல்லாமல் விட முடியாது. அது 1:50,000 அளவு. தாளில் ஒரு மில்லிமீட்டர் தரையில் 50 மீட்டர். குன்னூர்ச் சரிவில் ஒரு எஸ்டேட் லைன் வீட்டு வரிசை முழுவதும் பென்சில் முனைக்குள் அடங்கிவிடும். தாலுகா அளவில் இன்று அபாயம் மிதமானது என்று காலையில் ஒரு அறிவிப்பு கலெக்டர் அலுவலகத்துக்கு வந்தால் அவர் யாரைக் கிளப்புவார்? தாலுகாவையா? வருவாய் ஆய்வாளருக்கும் கிராம நிர்வாக அலுவலருக்கும் போன் போட்டு விழிப்பாக இருக்கச் சொல்வார். அதற்குமேல் அந்தத் தாளில் விவரம் இல்லை.

நீலகிரியில் மலைத்தளப் பாதுகாப்பு விதிகளின்படி பல ஊர்களில் வீடு கட்டக் கனிமவளத் துறையின் தடையில்லாச் சான்று வேண்டும். அதாவது நிலவியலாளரின் கையெழுத்து இல்லாமல் அங்கே அஸ்திவாரம் தோண்டக் கூடாது. சான்று கேட்பவர் மனையை வாங்கி, கடன் போட்டு, பிளான் வரைந்த பிறகே வருகிறார். அந்த நேரத்தில் மறுக்க எந்த அதிகாரிக்கும் கை வராது. மனை வாங்குமுன் நாம் எல்லோரும் வில்லங்கச் சான்று போட்டுப் பார்க்கிறோம். முப்பது வருடத்துக் கடனும் அடமானமும் அதில் தெரிகிறது, சரிவு தெரிவதில்லை. புல எண் வாரியாக நிலச்சரிவு வரைபடத்தின் நிறத்தையும் அதே தாளில் அச்சடித்துக் கொடுத்தால் போதும், மனையின் விலையே பாதி வேலையைப் பார்த்துக்கொள்ளும். தடைச் சட்டத்தைவிட அந்த ஒரு வரி கடுமையாக இருக்கும், எதிர்ப்பும் அந்த அளவுக்கு வரும். ஆனால் புல எண் அளவுக்கு இறங்க 1:50,000 போதாது. சரிவு சரிவாக மண்ணின் தடிமனைத் துளையிட்டு அளக்க வேண்டும், ஓடைகளின் பழைய வழியைத் தேட வேண்டும். ஜி.எஸ்.ஐ. தேர்ந்தெடுத்த சில இடங்களில் 1:10,000 அளவுக்கு இறங்கிப் பார்த்திருக்கிறது. ராணிகஞ்சுக்குப் போக நான்கு ஆண்டு எடுத்துக்கொண்ட வேகத்தை வைத்துப் பார்த்தால், குன்னூர் தாலுகா ஒன்றை முடிக்க அதைவிட அதிகம் ஆக வேண்டிய அவசியமில்லை.